பக்கத்துத் தெருவில் கச்சேரி, செய்தி மட்டும் மறுநாள்: உள்ளூர் இண்டி ராக்கை எப்படிப் பின்தொடர்கிறீர்கள்?

சாந்தோம்காரன் | ஞாயிறு, பிற்பகல் 2:10

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று இரவு ஆழ்வார்பேட்டையில், என் வீட்டிலிருந்து பைக்கில் பத்து நிமிடத் தூரத்தில், மூன்று பேர் கொண்ட ஓர் இண்டி ராக் குழு (சினிமாவுக்காக இல்லாமல் சொந்தமாகப் பாட்டுப் போட்டு வாசிப்பவர்கள்) வாசித்திருக்கிறது. ஒன்றரை வருடமாக அவர்களுடைய நான்கு பாட்டுகளையும் தேய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பவன் நான். கச்சேரி நடந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? கட்டிலில் படுத்தபடி, சென்னைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத ஓர் அமெரிக்கக் குழுவிலிருந்து ட்ரம்மர் ஏன் விலகினார் என்று படித்துக்கொண்டிருந்தேன். நம்ம ஊர்க் கச்சேரி இன்று மதியம், யாரோ எடுத்த இருபது விநாடி வீடியோவில்தான் தெரிந்தது. அதிலும் எனக்குப் பிடித்த பாட்டுதான்.

என் மாமாவைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. அவர் கர்நாடக சங்கீத ரசிகர். டிசம்பர் சீசன் தொடங்குவதற்கு முன்பே எந்த சபாவில் யார், பக்கவாத்தியம் யார், கேன்டீன் யார் கையில் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. எனக்கு இன்ஸ்டாகிராமில் இருநூறு கணக்குகள், ரோலிங் ஸ்டோன் இந்தியா என்ற இசைப் பத்திரிகை, நாலைந்து யூடியூப் சானல்கள். இருந்தும் கோட்டை விட்டேன்.

நீங்கள் எல்லாம் எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?

---

மழைக்காலம் | ஞாயிறு, பிற்பகல் 2:31

'இன்று மாலை 7 மணி' என்ற போஸ்டர் எனக்கு வந்துசேர்ந்தது இரவு 9:15க்கு. எந்த நாள் என்றுகூடப் போஸ்டரில் இல்லை. 'இன்று' மட்டும்தான்.

---

ஒலிப்பலகை | ஞாயிறு, மாலை 4:05

நான் இந்த ஊரில் லைவ் சவுண்ட் வேலை செய்கிறேன். மேடைக்கு எதிரே மிக்ஸரோடு உட்கார்ந்திருப்பவனைப் பார்த்திருப்பீர்கள், யாருக்கும் முகம் ஞாபகம் இருக்காது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏன் இப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

சபாவுக்குச் சொந்தமாக ஓர் அரங்கம் இருக்கிறது, இல்லையென்றால் வருடா வருடம் அதே அரங்கம் கிடைக்கிறது. அதனால் தேதி முன்கூட்டியே முடிவாகிவிடும். நம் குழுக்களுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. ஹோட்டல் பார் ஒன்றில் சனிக்கிழமை பேசி வைத்திருப்பார்கள். புதன்கிழமை அங்கே ஒரு கம்பெனி பார்ட்டி முழு இடத்தையும் எடுத்துக்கொள்ளும். குழு வேறு இடம் தேடும். வியாழன் இரவு முடிவாகும். வெள்ளிக்கிழமை பேஸ் கிட்டார் வாசிக்கும் பையன் ஆபீஸிலிருந்து வந்து, போனிலேயே போஸ்டர் செய்து, நள்ளிரவில் போடுவான். நீங்கள் சனிக்கிழமை முழுக்கத் தூங்கினால் போச்சு. இதில் மேனேஜர், பி.ஆர்.ஓ. என்று யாரும் இல்லை. இருந்தாலும் அந்த பேஸ் பையன்தான்.

என்னிடம் கேட்டால், குழுக்களை விட்டுவிட்டு ட்ரம்மர்களைப் பின்தொடருங்கள். சென்னையில் கிட்டார் வாசிப்பவர்கள் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். நல்ல ட்ரம்மர்கள் கொஞ்சம் பேர்தான், ஒவ்வொருவரும் மூன்று, நான்கு குழுக்களில் வாசிக்கிறார்கள். ஒரு ட்ரம்மரின் ஸ்டோரியைப் பார்த்தால் நாலு குழுவின் நாட்காட்டியும் வந்துவிடும். அவர்கள் ஒத்திகை அறையின் படத்தைப் போட்டால் பத்து நாளுக்குள் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். ஒத்திகை அறைக்கு மணிக்கணக்கில் வாடகை, சும்மா யாரும் போக மாட்டார்கள்.

---

சாந்தோம்காரன் | ஞாயிறு, மாலை 4:20

ட்ரம்மர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நான் பாடகர்களை மட்டும் பின்தொடர்கிறேன். அவர்கள் காபி படம்தான் போடுகிறார்கள்.

---

பழைய கேசட் | ஞாயிறு, இரவு 8:47

எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது, அதனால் கொஞ்சம் ஊர்க்கதை வரும்.

தொண்ணூறுகளில் எங்களுக்குச் செய்தி என்றால் ராக் ஸ்ட்ரீட் ஜர்னல். 1993இல் அமித் சைகல் என்பவர் அலகாபாத்தில் தொடங்கிய பத்திரிகை. யோசித்துப் பாருங்கள், பம்பாயும் இல்லை, பெங்களூரும் இல்லை, அலகாபாத். தபாலில் வரும். ஒரு பிரதி ஹாஸ்டலில் எட்டு அறை சுற்றி, அட்டை கிழிந்து என்னிடம் வரும்போது அதிலிருந்த செய்திக்கு இரண்டு மாத வயதாகியிருக்கும். ஆனாலும் தவறவிட்டோம் என்று தோன்றியதே இல்லை. எல்லோருக்கும் சேர்ந்தே தாமதம் என்பதால் அது தாமதமாகவே தெரியவில்லை.

உள்ளூர்க் கச்சேரி என்றால் கல்லூரி கல்ச்சுரல்ஸ். சென்னை ஐஐடியின் சாரங் கலைவிழாவை அப்போது மார்டி க்ரா என்பார்கள். திறந்தவெளி அரங்கின் படிக்கட்டில் உட்கார்ந்து ராக் போட்டி பார்ப்போம். அதே வளாகத்தில்தான் 2009இல் ஸ்வீடனின் மெட்டல் குழு ஓபெத் வந்து வாசித்தது. என் தம்பி அதற்காக அலுவலகத்தில் பாட்டி செத்துப்போனதாகச் சொல்லி லீவு எடுத்தான். பாட்டி அப்புறம் நான்கு வருடம் இருந்தார்.

பிறகு அடையாறில் அன்வைண்ட் சென்டர். ஜூன் ராக் அவுட் என்று அங்கே நடக்கும் போட்டியில்தான் பல பையன்கள் முதன்முதலாக மேடை ஏறினார்கள். அங்கே மது கிடையாது. பதினாறு வயதுப் பெண்ணை அப்பாவே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே நின்று பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். வெள்ளி, சனி என்றால் சும்மா போய்ப் பார்ப்போம், யாராவது வாசித்துக்கொண்டிருப்பார்கள். இடம் நிலையாக இருந்ததால் செய்தி தேவைப்படவில்லை. ஒலிப்பலகை சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன், வேறு வார்த்தைகளில்.

---

இந்திராநகர் 2வது ஸ்டேஜ் | ஞாயிறு, இரவு 9:30

கோபிக்காதீர்கள், சென்னையில் ரசிகர்களே இல்லை என்பதுதான் விஷயம். நான் மதுரைக்காரன், ஒன்பது வருடமாக பெங்களூர். இங்கே வாரத்தில் எந்த நாளும் ஏதாவது ஓர் இடத்தில் ஒரிஜினல்ஸ், அதாவது குழுக்களின் சொந்தப் பாட்டு, கேட்கலாம். உங்கள் ஊரில் குழு மேடை ஏறியதும் 'ஹோட்டல் கலிபோர்னியா போடுங்க' என்று பழைய அமெரிக்கப் பாட்டைக் கேட்டுச் சீட்டு வருகிறது.

---

ஒலிப்பலகை | ஞாயிறு, இரவு 10:58

சீட்டு வருவது உண்மைதான், மறுக்கவில்லை. காரணம் வேறு.

தமிழ்நாட்டில் டாஸ்மாக்கை விட்டால், மது பரிமாறும் உரிமம் கிளப்புகளுக்கும் நட்சத்திர ஹோட்டல்களுக்கும்தான். கிளப்புக்கு எஃப்.எல்.2, ஹோட்டலுக்கு எஃப்.எல்.3. பெங்களூரில் இருப்பதுபோல தெருவோரத்தில் தனியாக ஒரு பப், அதன் மூலையில் மேடை என்பது இங்கே சட்டப்படி அமையாது. ஆக, இரவு கச்சேரி என்றால் ஹோட்டலுக்குள்தான். அங்கே உட்கார்ந்திருப்பவரில் பாதிப் பேர் அறை எடுத்துத் தங்கியவர்கள், மீதிப் பேர் ஆபீஸ் கூட்டத்தோடு வந்தவர்கள். அவர்கள் உங்கள் குழுவைப் பார்க்க வரவில்லை, குடிக்க வந்த இடத்தில் குழு இருக்கிறது. ஹோட்டல் கலிபோர்னியா கேட்காமல் வேறென்ன கேட்பார்கள்? 21 வயதுக்குக் கீழே இருப்பவன் வாசலிலேயே நிற்கவேண்டும். இந்த இசைக்கு உயிரே அந்த வயதுக்காரன்தான்.

சரி, வெளியே திறந்தவெளியில் வைக்கலாம் என்றால் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை அணைக்கவேண்டும், 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பத்து மணிக்கு முடிக்க வேண்டுமானால் ஏழுக்குத் தொடங்கவேண்டும். ஏழு மணிக்கு ரசிகர் ஓ.எம்.ஆரில், சோழிங்கநல்லூர் சிக்னலில் இருப்பார்.

உங்கள் ஊர் பெருமையும் தெரியும். கச்சேரிக்குப் பெயர்போன ஹம்மிங் ட்ரீ பப்பை 2013இல் திறந்து 2019இல் மூடினார்களே. அங்கே சவுண்ட் பார்த்த நண்பர்கள் எனக்கு உண்டு.

---

இந்திராநகர் 2வது ஸ்டேஜ் | ஞாயிறு, இரவு 11:15

ஹம்மிங் ட்ரீயைச் சொல்லி அடித்துவிட்டீர்கள். அந்தக் கடைசி வாரம் நான் அழவில்லை என்று சொன்னால் பொய்.

---

புளியந்தோப்பு புல்லட் | திங்கள், காலை 7:40

ராத்திரி முழுக்க ஹோட்டல், பப், உரிமம் என்றே பேசியிருக்கிறீர்கள். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல் மேடை ஏறியது. 19 பேர். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், பறை, சட்டி மேளம், கூடவே எலெக்ட்ரிக் கிட்டார், ட்ரம்ஸ். பா.ரஞ்சித் முன்னெடுத்தார், இசைப் பக்கம் டென்மா. அதற்கு முன் குரங்கன் என்ற குழுவில் இருந்தவர் அவர். பெயர்கூட அயோத்திதாசர் சொன்ன 'சாதி பேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்தது. அனுமதி இலவசம். மைதானம் நிரம்பி வழிந்தது. நான் சுவர் ஏறி நின்று பார்த்தேன்.

எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி இன்ஸ்டாகிராமில் வரவில்லை. கானா பாடும் அண்ணன் ஒருவர் டீக்கடையில் சொன்னார், மூன்று தெருவும் கிளம்பியது. ஆக, ரசிகர் இல்லை என்பதெல்லாம் யாரை எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹோட்டல் வாசலில் செருப்பைப் பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்டவன் நான். எந்த ஹோட்டல் என்பதை விடுங்கள், எல்லா இடத்திலும் அதே செருப்புதான், அதே பார்வைதான்.

---

மழைக்காலம் | திங்கள், காலை 9:02

அது இண்டி ராக்கில் சேருமா? கேட்கத்தான் கேட்கிறேன், சண்டைக்கு இல்லை.

---

புளியந்தோப்பு புல்லட் | திங்கள், காலை 9:10

கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் இருக்கிறது. சினிமாவுக்காகப் போட்டதில்லை. வேறு என்ன வேண்டும், இங்கிலீஷ் உச்சரிப்பா?

---

மாடரேட்டர் | திங்கள், காலை 11:30

'எது இண்டி' என்று தொடங்கிய 34 பதில்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். இங்கே, கச்சேரியை எப்படித் தெரிந்துகொள்வது என்பது மட்டும். (என் கருத்தைக் கேட்டால், அந்தச் சொல்லே 1970களின் கடைசியில் பிரிட்டனில் பெரிய கம்பெனிகளுக்கு வெளியே ரெக்கார்டு போட்ட சின்ன கம்பெனிகளைக் குறிக்க வந்தது. யார் பணம் போட்டார்கள் என்பதைத்தான் அது சொன்னது, சத்தம் எப்படி இருந்தது என்பதை அல்ல. இதற்கும் இங்கே பதில் போடாதீர்கள்.)

---

ஸ்கார்பரோ பெடியன் | திங்கள், மாலை 6:15

வணக்கம். நான் டொராண்டோவில் இருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஏழு வயதில் இங்கே வந்தவன். உங்கள் இழையை வாசிக்கும்போது எங்கட ஊரில் கச்சேரித் தகவல் எப்படி ஓடியது என்று சொல்லவேண்டும் போல இருக்கிறது.

நான் கம்பஸில் படிக்கும்போது நவ் என்ற இலவச வார இதழ் தெருமுனைப் பெட்டிகளில் கிடக்கும். 1981இல் தொடங்கினது. அதன் பின்பக்கங்களில் அந்தக் கிழமை எந்த பாரில் எந்த பாண்ட் என்று பொடி எழுத்தில் நிரை நிரையாக இருக்கும். அம்மா அதில் மரக்கறி உரிப்பா, நான் தேங்காய்ப்பூ ஒட்டின பக்கத்தில் லீஸ் பேலஸ் என்ற கச்சேரி இடத்தின் விபரத்தைத் தேடுவேன். கென்னடி ஸ்டேஷனில் ஏறினால் ஒரே ரயில், பாத்தர்ஸ்டில் இறங்கி நடந்தால் வந்துவிடும். கடைசி ரயிலை விட்டால் இரவு பஸ், ஜனவரிக் குளிரில்.

வேவ்லெங்த் என்று ஒன்று 2000 பெப்ரவரியில் தொடங்கினது. ஒவ்வொரு ஞாயிறும் இரவு கச்சேரி, விரும்பின காசைக் கொடுக்கலாம். பத்து வருடம் கிழமை தவறாமல் நடத்தினார்கள். அவர்களே ஒரு சின்னப் பத்திரிகையும் அடித்து, வாசிக்கப்போகும் பாண்டுகளின் நேர்காணல்களோடு சும்மா கொடுப்பார்கள். நான் கனபேரை அங்கேதான் முதல் கேட்டது. போகும்போது யார் வாசிக்கினம் என்றே தெரியாது, ஞாயிறு என்பது மட்டும் தெரியும். பழைய கேசட் அக்கா சொன்ன அன்வைண்ட் மாதிரித்தான்.

இப்ப நவ் அச்சில் வாறதில்லை. சில்வர் டாலர் என்ற கச்சேரி இடமும் 2017இல் மூடிவிட்டது. நானும் உங்களைப் போலத்தான், ஃபோனைத் தடவிக்கொண்டு, அடுத்த தெருக் கச்சேரியை அடுத்த நாள் காண்கிறேன். அதனால் இதைச் சென்னையின் குறை என்று மட்டும் நினைக்கவேண்டாம்.

---

கோவைக்குயில் | திங்கள், இரவு 9:20

செய்திப் பத்திரிகைகளே போய்க்கொண்டிருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் என்.எம்.இ. இசைப் பத்திரிகை 2018இல் வார அச்சை நிறுத்தியது. ஆல்பம் விமர்சனத் தளமான பிட்ச்ஃபோர்க்கை 2024 ஜனவரியில் ஜி.க்யூ.வுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், ஆண்கள் சட்டை, வாட்ச் எழுதும் பத்திரிகை அது. ஆள்குறைப்பு வேறு. இத்தனைக்கும் நான் பள்ளியில் படிக்கும்போது பிட்ச்ஃபோர்க் பத்துக்குப் போடும் புள்ளி மதிப்பெண்களைப் பார்த்துத்தான் ஆல்பம் கேட்பேன். 8.4 என்றால் கேட்பேன், 6.9 என்றால் மாட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, என் கெமிஸ்ட்ரி மார்க்கை யாராவது அப்படிப் பார்த்திருந்தால்?

கோவையில் இருக்கிறவளுக்குக் கச்சேரி என்றால் இரவு ரயில் பிடித்து பெங்களூர். அதனால் ஒரு மாதம் முன்பே தெரிந்தாக வேண்டும். நான் செய்வது: ஊரை ஊராகப் பின்தொடராமல், சுற்றுப்பயணம் போகும் குழுக்களைப் பிடித்துக்கொள்வது. தி எஃப்16ஸ், பீட்டர் கேட் ரெக்கார்டிங் கோ. மாதிரி ஆட்கள் பல ஊர்த் தேதிகளை மொத்தமாக அறிவிப்பார்கள். டிக்கெட் தளத்தில் குழுவின் பெயருக்கு அலெர்ட் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் வருவது ஏற்கெனவே பெரிதான குழுதான். சாந்தோம்காரன் தவறவிட்ட நாலு பாட்டுக் குழு அதில் வராது.

---

இந்திராநகர் 2வது ஸ்டேஜ் | செவ்வாய், காலை 10:05

டிக்கெட் என்றதும் ஞாபகம் வந்தது. 499 ரூபாய் என்று நிறையப் போடுகிறார்களே, செருப்புக் கடை விலை மாதிரி, ஏன்?

---

ஒலிப்பலகை | செவ்வாய், காலை 10:40

செருப்புக் கடைத் தந்திரமும் கொஞ்சம் இருக்கலாம். முக்கியமாக, இசை நிகழ்ச்சியில் நபருக்கு 500 ரூபாய் வரை நுழைவுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. அதைத் தாண்டினால் 18 சதவீதம். 600 ரூபாய் போட்டால் ரசிகர் 708 கொடுக்கவேண்டும், குழுவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் ஐந்நூறுக்குள்ளேயே நிற்கிறார்கள்.

நாற்பது பேர் வந்தால் இருபதாயிரம். இடத்துக்குப் பங்கு, எனக்குச் சம்பளம், ஆம்ப்ளிஃபையர் வாடகை, ஆட்டோ. மீதியில் நாலு பேருக்கு பிரியாணி. சில நாள் குஸ்கா.

---

கோவைக்குயில் | செவ்வாய், மதியம் 1:15

ஸ்ட்ரீமிங்கில் வருவதும் ஒன்றுமில்லை. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு 12 மாதத்தில் ஆயிரம் தடவைகூட ஓடவில்லை என்றால் அதற்குக் காசே கிடையாது. குழுக்களே பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளம் நல்ல இடம், டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம்தான் எடுத்துக்கொள்கிறார்கள், பேண்ட்கேம்ப் வெள்ளி என்று அறிவிக்கும் நாள்களில் அதையும் விட்டுக்கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே கலைஞருக்குப் பணம் பேபால் வழியாகப் போகிறது. பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளேயே நடக்கும் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. சென்னைக் குழுவின் பாட்டை டொராண்டோவில் இருக்கும் ஸ்கார்பரோ பெடியன் காசு கொடுத்து வாங்கலாம், எனக்குத்தான் சிக்கல். அதனால் கச்சேரிக்குப் போய் டி-ஷர்ட் வாங்குவது, அவ்வளவுதான் வழி. என்னிடம் எல்லாமே லார்ஜ். மீடியம் எப்போதும் தீர்ந்துபோயிருக்கும்.

---

ஸ்கார்பரோ பெடியன் | செவ்வாய், மாலை 5:50

தங்கச்சி, பெயர்களைச் சொல்லுங்கோ, நான் வாங்குகிறேன். இங்கே மீடியம் போட்டால் குளிரும், லார்ஜ் இருந்தால் எனக்கு அனுப்புங்கோ.

---

பழைய கேசட் | செவ்வாய், இரவு 8:30

சாந்தோம்காரனுக்கு நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். ஒரு கச்சேரிக்குப் போனால் கடைசிப் பாட்டு முடிந்ததும் ஓடாதீர்கள். கேபிள் சுருட்டும் வரைக்கும் இருங்கள். அந்த இருபது நிமிடத்தில்தான் அடுத்த மாதக் கச்சேரி எல்லாம் பேச்சில் வரும். 'பதினாலாம் தேதி ஃப்ரீயா?' என்று பேஸ்காரர் வேறொரு குழுவின் ட்ரம்மரைக் கேட்பார். இன்னொன்று, முதலில் வாசிக்கும் சின்னக் குழுவைத் தவறவிடாதீர்கள். எல்லோரும் வெளியே புகைத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மட்டும் முன்னால் நின்றால் அவர்களுக்கு உங்கள் முகம் மறக்கவே மறக்காது. என் பெண் அப்படித்தான் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ந்தாள். எந்தப் பத்திரிகையும் அவளைவிட வேகம் இல்லை.

---

சாந்தோம்காரன் | செவ்வாய், இரவு 8:52

அக்கா, தனியாகப் போகக் கூச்சமாக இருக்கும். என் நண்பர்கள் யாருக்கும் இந்த இசை ஆகாது. ஓரமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

---

புளியந்தோப்பு புல்லட் | செவ்வாய், இரவு 9:00

நானும் தனியாகத்தான் போகிறேன். ஓரமாக நிற்பவன் நான்தான், போனும் நான்தான். வந்தால் சேர்ந்து நிற்கலாம்.

---

சாந்தோம்காரன் | அடுத்த ஞாயிறு, அதிகாலை 12:48

போனேன்.

புதன்கிழமை இரண்டு ட்ரம்மர்களைப் பின்தொடரத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை ஒருவர் ஸ்நேர் ட்ரம்மின் படத்தைப் போட்டு 'நாளை' என்று மட்டும் எழுதியிருந்தார். 'எங்கே?' என்று கேட்டேன். பதில் வந்தது. பெசன்ட் நகரில் ஒரு கஃபேயின் மாடி. மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேடை என்று எதுவும் இல்லாமல், ஒரு பாய் விரித்து ட்ரம்ஸ் வைத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், 27 பேர். அதில் மூன்று பேர் குழுவினரின் அம்மாக்கள். ஓர் அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வரிகளைக் கூடவே பாடிக்கொண்டிருந்தார்.

புல்லட் வந்திருந்தார். செருப்போடுதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் வாசலில் எல்லோருமே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மாடி ஏற வேண்டியிருந்தது.

நான் தவறவிட்ட குழு இல்லை இது, பெயரே கேள்விப்படாத வேறு ஒன்று. இரண்டாவது பாட்டில் கிட்டாரின் தந்தி அறுந்தது. மாற்றுத் தந்தி இல்லை. கிட்டார்காரர் மீதிப் பாட்டுகளை ஐந்து தந்தியில் வாசித்து முடித்தார். மேல் வீட்டுக்காரர் மாடிப்படியில் இறங்கி வந்தபோது சத்தத்துக்குத் திட்டத்தான் வருகிறார் என்று எல்லோரும் அமைதியானோம். 'முதல்ல பாடினதை இன்னொரு தடவை பாடுங்க' என்றார்.

அக்கா சொன்னபடி கேபிள் சுருட்டும்வரை இருந்தேன். ஒரு கேபிளை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். முழங்கையில் சுற்றினேன், மிக்ஸரில் இருந்தவர் பதறிவிட்டார், அப்படிச் சுற்றினால் உள்ளே கம்பி முறுக்கிக்கொள்ளுமாம்.

---

ஒலிப்பலகை | ஞாயிறு, அதிகாலை 1:05

பச்சைச் சட்டையா? அந்தப் பையன் நீங்கள்தானா? ஒரு சுற்று மேலே, ஒரு சுற்று கீழே என்று காட்டினேனே.

22ஆம் தேதி மயிலாப்பூர். சத்தமாகச் சொல்லாதீர்கள், இடம் இன்னும் முடிவாகவில்லை.